மழைக்கு முன் வைக்கோல்: எண்ணூர், திருவொற்றியூர் மாடு வளர்ப்போருக்கு

புரட்டாசி பிறந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக ஐப்பசித் தொடக்கத்தில் இறங்கிவிடும். அதற்குள் வைக்கோல் கூரைக்கடியில் போய்ச் சேர வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான்.

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் சொர்ணவாரி அறுவடை முடிந்து, காய்ந்த வைக்கோல் கிடைக்கும் நேரம் இது. கார்த்திகையில் தேடிப் போனால் நனைந்த சரக்குதான் மிஞ்சும். கறவை மாடு ஒன்றுக்கு நாளுக்கு 5 கிலோ என்றாலே மூன்று மாதத்துக்கு 450 கிலோ ஆகிறது. இடம் போதாத தெருவில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இயந்திரம் உருட்டிக் கட்டிய வைக்கோலை மேலோட்டமாகப் பார்த்து வாங்காதீர்கள். கட்டின் நடுவில் விரல்களை அழுத்தி நுழைத்துப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பு தெரிந்தாலோ, உதறும்போது வெள்ளைப் பொடி பறந்தாலோ, முக்கல் வாடை அடித்தாலோ அந்தக் கட்டு வேண்டாம். பூஞ்சை பிடித்த தீவனம் பாலைக் குறைக்கும். சினை மாட்டுக்குக் கரு கலையவும் கூடும். விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், மயங்க வேண்டாம்.

வெறுந்தரையில் அடுக்காதீர்கள். செங்கல் வைத்து ஒரு அடி உயர்த்துங்கள். கண்டெய்னர் யார்டிலிருந்து வரும் பழைய பேலட் பலகையும் உதவும். ரசாயனக் கறை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். தார்ப்பாயை வைக்கோலோடு ஒட்டிப் போர்த்தாமல் காற்று போக இடம் விடுங்கள். கடற்காற்றில் பறக்காதபடி கயிறு கட்டுவது முக்கியம்.

யூரியா வைக்கோல் தயாரிக்க இப்போதே தொடங்கினால்தான் மழைக்குள் தயாராகும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுதும் கரையுங்கள். அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவையுங்கள். பிரித்ததும் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, ஒரு மணி நேரம் பரப்பி ஆறவிடுங்கள். வாடை உங்கள் கண்ணைக் கரித்தால் மாட்டுக்கு இன்னும் போடக் கூடாது. முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது ஆகாது. மிச்சமான யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. வாளியைத் திறந்து வைக்காதீர்கள்.

பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆற்றுக் கரைப் புல்லை மழைக்காலத்தில் அறுக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் வடிந்தபின் தழைத்து நிற்கும் புல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேரில் என்ன ஏறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த புல்லும் அப்படியே. பசியோடு அவிழ்த்துவிட்டால் மாடு அங்கேதான் போகும். சாலையில் நின்றால் மாநகராட்சி வண்டி ஏற்றிக்கொண்டு போகும், அபராதம் ஆயிரக்கணக்கில்.

மேட்டு நிலம் கொஞ்சம் இருப்பவர்கள் முதல் மழையோடு கோ-4 கம்பு நேப்பியர் கரணை நடலாம், 60க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஆக, இந்த மழைக்கு அது கைகொடுக்காது, தையிலிருந்துதான் பலன். உவர் மண்ணிலும் நீர் தேங்கும் இடத்திலும் முயற்சி செய்து காசை இழக்காதீர்கள்.

தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடாத மாடுகளை இந்த வாரமே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுங்கள். அவசரத்துக்கு 1962 எண்ணில் அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.