என்டிட்டியும் ஆப்ஜெக்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஆப்பின் டேட்டாவைக் கையாளும் கோர் டேட்டா ஃப்ரேம்வொர்க்கில் புது ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால் என்டிட்டி டிஸ்கிரிப்ஷனிடம் போய் ஏன் கேட்க வேண்டும், விவரிக்கிறவனுக்கு உருவாக்குகிற வேலை எதற்கு என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. இன்சர்ட் மெத்தடை அந்த கிளாஸில் கொண்டுபோய் வைத்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பேன். பெயரைக் கொடுத்தால் அது மாடலில் விவரத்தைத் தேடி, அதில் குறித்திருக்கும் கிளாஸில் ஒரு மேனேஜ்டு ஆப்ஜெக்டை உண்டாக்கி, கான்டெக்ஸ்டில் சேர்க்கிறது. அவ்வளவுதான். எக்ஸ்கோடில் 'புத்தகம்' என்று என்டிட்டி வரைந்து, தலைப்பு, ஆண்டு என்று அட்ரிபியூட் சேர்த்ததால் ஒரு புத்தகமும் பிறந்துவிடவில்லை.

கிளாஸ் முறுக்கு அச்சு, ஆப்ஜெக்ட் முறுக்கு என்று யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த உவமையே ஆகாது. எண்ணெயில் விழுந்த முறுக்குக்கு அச்சோடு உறவு முடிந்தது. இங்கே ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் என்டிட்டியைக் கடைசிவரை கையிலேயே வைத்திருக்கிறது. எந்த அட்ரிபியூட் உண்டு, எது காலியாக இருக்கக்கூடாது என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகிறது. என்டிட்டி தராமல் வெறும் இனிட் போட்டால் கோர் டேட்டா முரண்டு பிடிப்பதும் அதனால்தான்.

விவரம் தனிப் பொருள் என்பதற்கு நல்ல சாட்சி யூனிட் டெஸ்ட். ஒவ்வொரு டெஸ்டும் மாடலைப் புதிதாக ஏற்றினால், ஒரே கிளாஸுக்குப் பல டிஸ்கிரிப்ஷன்கள் உரிமை கொண்டாடுகின்றன என்று கன்சோல் புலம்பும். 2016-இல் ஐஓஎஸ் 10-உடன் வந்த, கான்டெக்ஸ்டை மட்டும் வாங்கும் சுருக்கமான இனிட், எந்த விவரத்தை எடுப்பதென்று தெரியாமல் திணறும். கிளாஸ் ஒன்றுதான், விவரங்கள்தான் பல! மாடலை ஸ்டாட்டிக்காக ஒரே ஒருமுறை ஏற்று. இல்லையென்றால் என்டிட்டியை நீயே எடுத்துக் கொடு. எச்சரிக்கைதானே என்று விட்டுவிடாதே. உங்கள் தலைமுறைக்குக் கன்சோலைப் படிக்கும் வழக்கமே இல்லை.

விவரம் வேறு, ஆப்ஜெக்ட் வேறு என்ற இந்தப் பிரிவினை ஐபோனுக்காக வந்ததல்ல. நெக்ஸ்ட் நிறுவனத்தின் பழைய கையேடுகளைப் புரட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. 1994-இல் வந்த என்டர்பிரைஸ் ஆப்ஜெக்ட்ஸ் ஃப்ரேம்வொர்க்கிலேயே மாடல் தனிக் கோப்பு. 2005-இல் மேக்கிலும் 2009-இல் ஐபோனிலும் வந்த கோர் டேட்டா அந்த வம்சம்தான்.

இன்னொன்று. கான்டெக்ஸ்டில் சேர்ந்த ஆப்ஜெக்ட் டிஸ்கில் சேர்ந்துவிடவில்லை. சேவ் ஆகும்வரை அதன் ஐடி பொதுவாகத் தற்காலிகமானது. எங்காவது குறித்துவைப்பதாக இருந்தால் சேவ் ஆன பிறகு குறி.

அன்புடன்,
உன் ஆசிரியர்