காமராஜரைச் சொந்த ஊர் கைவிட்டதா?

கேள்வி: காமராஜர் விருதுநகரில் பதவி எதுவும் வகித்தாரா? கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை?
- வாசகர், சிவகாசி

பதில்: 1941-ல் வேலூர் சிறையில் இருந்தவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்ததும் பதவியை ராஜினாமா செய்தார். முழுமையாகக் கவனிக்க முடியாத பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு பதவிக்கு ஒன்பது பேர் முட்டிமோதும் இந்நாளில், எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஆறு வயதிலேயே தந்தையை இழந்தவர். வளர்த்தவர் தாய் சிவகாமி அம்மாள். தங்கை பெயர் நாகம்மாள். படிப்பு பாதியில் நின்றது. இளமையிலேயே காங்கிரஸ், பிறகு சிறை. மொத்தம் ஒன்பது ஆண்டுகள் சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் கழிந்தன. இதில் கல்யாணத்துக்கு எங்கே இடம்? அவர் முதலமைச்சரான பிறகும் தாயார் விருதுநகரில் அதே சிறிய வீட்டில்தான் வாழ்ந்தார்.

1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர், 1957, 1962-ல் சாத்தூர் எனத் தேர்தல்களில் உங்கள் வட்டாரம் அவரைத் தாங்கியது. 1967-ல் சொந்த ஊரான விருதுநகர்தான் தோற்கடித்தது. வித்தியாசம் 1,285 வாக்குகள். ஆனாலும் ஊர் அவரை மறக்கவில்லை. தாயார் வாழ்ந்த அந்த வீடு இன்று நினைவு இல்லம். சிவகாசியிலிருந்து பக்கம்தானே, பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.