மலை ஓடையின் நலத்தை அறியும் வழி



மலைநாட்டில் ஓடும் நீர் எவருடைய வேலியோடும் நின்றுவிடுவதில்லை. ஹோட்டன் சமவெளியிலே ஊறும் நீர் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் பிரிந்து செல்கின்றது. ஹற்றன் பக்கத்திலே கெசல்கமுவ ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தையும், மஸ்கெலியா ஓயா மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தையும் நிரப்பி, பின்னர் இரண்டும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. ஆகவே, மேட்டிலே கோவா, கரட், லீக்ஸ் பயிரிடுவோர் செய்யும் நன்மையும் தீமையும் பள்ளத்திலே நெல் விதைப்போரின் அணையிலும் வாய்க்காலிலும் வந்து சேரும். லயன்களில் வாழ்வோர் பீலியிற் பிடித்துக் குடிப்பதும் இதே நீரைத்தான்.

இந்நீரின் நலத்தைக் காட்டும் சாட்சி மீனாகும். மனிதன் ஓடைக்கு வந்து போகின்றான். மீனோ இரவும் பகலும் அதிலேயே வாழ்கின்றது. மீன் வாழ முடியாத ஓடை வயலுக்கும் தோட்டத்துக்கும் நெடுங்காலம் உதவாது. ஓடையைச் சோதித்தறியும் எளிய முறையும், குறை கண்டால் திருத்தும் வழியும் கீழே கூறப்படுகின்றன.

1. மீனுக்கு வேண்டியவை

மீனுக்குக் குளிர்ந்த நீர், நீரிற் கரைந்த பிராணவாயு, தூய கற்படுகை, இரை ஆகிய நான்கும் வேண்டும். நீர் குளிர்ந்திருக்குமளவிற்கு அதிற் பிராணவாயு அதிகமாகக் கரையும். கடல் மட்டத்தில் 10 பாகை செல்சியஸ் நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராமையே ஏற்கும். மலை உயர உயர இவ்வளவு இன்னும் குறையும். ஆதலால் நமது ஓடைகளுக்கு நிழலும் பாறைகளில் மோதி நுரைத்தோடும் ஓட்டமும் இன்றியமையாதவை.

நமது ஓடைகளிலே அயிரை போன்ற சிறு மீன்களும், பாறையை வாயாற் பற்றிக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் நுவரெலியாப் பகுதி ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். அது அந்நிய மீனாயினும், குளிர்ந்த தூய நீரின்றி வாழாது. நீர் நெடுநேரம் 20 பாகைக்கு மேற் சூடேறின் வருந்தும். எனினும், ஓடையைத் திருத்துவதாக எண்ணிப் புதிய அந்நிய மீனெதனையும் விடலாகாது. அது நாட்டு மீனின் இரையையும் குஞ்சையும் தின்றுவிடும்.

2. சோதிக்கும் காலம்

வருடத்தில் இரு முறை சோதியுங்கள். ஹற்றன் பக்கத்தார் சனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட காலத்தில் ஒரு முறையும், மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின் ஒரு முறையும் பார்ப்பது நன்று. வறட்சியில் நீரின் அளவும் வெப்பமும் தெரியும். மழையில் மண்ணரிப்புத் தெரியும்.

3. எட்டு அடையாளங்கள்

ஒவ்வோர் அடையாளத்துக்கும் நன்றாயின் 2, நடுத்தரமாயின் 1, தீதாயின் 0 எனப் புள்ளி இடுங்கள்.

(அ) நிறம்: வெண்ணிறக் கோப்பையில் நீர் மொண்டு பாருங்கள். மழை விட்டு ஒரு நாளாகியும் செம்மண் கலங்கல் தெளியாதாயின், மேலே எங்கோ மண் வழிந்துகொண்டிருக்கின்றது.

(ஆ) குளிர்ச்சி: பிற்பகல் இரண்டு மணியளவில் நிழலில் நின்று வெப்பமானியை நீரில் அமிழ்த்திப் பாருங்கள்.

(இ) படுகை: கையளவு கல்லொன்றைப் பெயர்த்தெடுங்கள். அது எளிதிற் பெயர்ந்து, அடியில் இடைவெளியிருப்பின் நன்று. பாதிக்கு மேல் வண்டலிற் புதைந்திருப்பின் தீது. கல்லிடுக்கில் இடும் மீன்முட்டை வண்டலால் மூடுண்டு மூச்சற்று அழியும்.

(ஈ) சிற்றுயிர்: அக்கல்லின் அடிப்புறத்தை நோக்குங்கள். வாலில் மூன்று மயிர்களையுடைய தட்டைப் புழுக்களும், மணலாலும் சருகாலும் கூடு கட்டி அதனுள் வாழும் புழுக்களும் நல்ல நீருக்கு அடையாளம். சேற்றில் நெளியும் செந்நிறப் புழுக்கள் மட்டுமே மிகுந்திருப்பின் நீரில் அழுக்கு மிகுந்துள்ளது.

(உ) கரை: இரு கரையிலும் மரமும் புல்லும் உள்ளனவா? பாத்தி ஓடையின் விளிம்பு வரை வந்துவிட்டதா?

(ஊ) பாசி: கற்களின்மேல் பச்சைப் பாசி நூல்நூலாகப் படர்ந்திருப்பின், பசளையோ மலசல நீரோ கலக்கின்றது.

(எ) வழி: மீன் மேலேறிச் செல்லத் தடையுண்டா? வறட்சியிலும் மீன் ஒதுங்க ஆழமான மடு உண்டா?

(ஏ) ஓட்டம்: ஓடையில் 10 மீற்றர் நீளம் அளந்து ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்க விடுங்கள். அது 20 விநாடியிற் கடந்தால் வேகம் விநாடிக்கு அரை மீற்றர். அகலம் 2 மீற்றர், சராசரி ஆழம் 0.2 மீற்றர் எனின், மூன்றையும் பெருக்க 0.2 வரும். அடிநீர் மேல்நீரிலும் மெதுவாக ஓடுவதால் இதனை 0.8ஆற் பெருக்குக, 0.16 கன மீற்றர், அதாவது விநாடிக்கு 160 லீற்றர். இதனை ஆண்டுதோறும் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். முதலாண்டில் 1 புள்ளி இடுங்கள். பின்னாண்டுகளில், அதே மாதத்து அளவு குறையாதிருப்பின் 2, சிறிது குறையின் 1, பாதிக்குக் கீழ் இறங்கின் 0.

கூட்டுத்தொகை 12க்கு மேலாயின் ஓடை நலமுடையது. 7 முதல் 12 வரை நலிவுற்றது. 7க்குக் கீழ் நோயுற்றது. நலிவுற்ற நிலையே கவனிக்க வேண்டிய நிலை. அப்பொழுது திருத்துவது எளிது.

ஓர் எச்சரிக்கை: மீன் துள்ளும் தெளிந்த நீரெல்லாம் குடிக்கத் தக்கதன்று. நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தே குடியுங்கள்.

4. காரணத்தைத் தேடுதல்

புள்ளி குறைந்தால் ஓடையோரமாக மேல்நோக்கி நடந்து செல்லுங்கள். கலங்கல் எந்தக் கிளையிலிருந்து வருகின்றதென்று ஒவ்வொரு கூடலிலும் பாருங்கள். வெட்டிய கான் நேரே ஓடையில் விழுகின்றதா, பாத்தி சரிவின் போக்கில் மேலிருந்து கீழாகப் போடப்பட்டுள்ளதா, மலசல கூடத்து நீர் கசிகின்றதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை நான் பார்த்த ஓடையொன்றில் மேலே மீன் இருந்தது. நூறு யார் கீழே ஒன்றுமில்லை. இடையில் ஒருவர் மருந்து தெளிக்கும் கருவியை நாள்தோறும் ஓடையிற் கழுவி வந்தார். அவர் கெட்டவரல்லர், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்றே நினைத்திருந்தார். ஆனால் அவருடைய கத்தரிச் செடிக்கும் அவர் பிள்ளைகள் குளிப்பதற்கும் அந்நீரே பயன்பட்டது. 1946இல் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றிய பின் பரவலாக வழக்குக்கு வந்த செப்புப் பங்கசுநாசினியும், இன்றைய பூச்சிநாசினிகள் பலவும் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும்.

5. திருத்தும் வழி

பாத்திகளைச் சமவுயரக் கோட்டில் அமையுங்கள். கல்வேலியும், சிறு அணைகளாற் பிரித்த கான்களும் மண்ணைத் தடுத்து நீரை நிலத்துக்குள் இறக்கும். ஓடைக்கரையில் சில யார் அகலத்துக்கு உழாமல், வெட்டிவேரோ மானாப் புல்லோ நட்டு, நாட்டு மரங்களை வளருங்கள். ஊற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள காட்டைத் தொடாதீர்கள். பசளையைப் பெருமழைக்கு முன் தூவாமல், சிறிது சிறிதாகப் பிரித்து இடுங்கள். கருவியை ஓடைக்குத் தூரமான நிலத்திற் கழுவுங்கள்.

இவற்றுட் பல சட்டத்துக்கும் ஒத்தவை. 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் சரிவு நிலத்தைக் காப்பதற்கென்றே இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் வந்து கரையிற் காவல் நிற்காது. உங்கள் பாத்தியிலிருந்து ஒரு மழையில் இறங்கிய மேல்மண்ணை உங்கள் ஆயுளில் மீண்டும் உண்டாக்க முடியாது. அது கீழே மீன்முட்டையை மூடும், வயற்காரரின் வாய்க்காலைத் தூர்க்கும், நீர்த்தேக்கத்தில் படியும்.

அயலிலுள்ள ஐந்தாறு பேர் சேர்ந்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள். புள்ளிகளை ஒரு கொப்பியில் எழுதி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். வரும் மழைக்கு முன்பே ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் நிலத்தின் கணக்கு அதன் அடியில் எழுதப்பட்டிருக்கும்.