‘அம்மா சொல்லு’ என்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

பத்து மாதக் குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு தேர்தல் நடந்துகொண்டிருக்கும். வேலைக்குக் கிளம்பும் தந்தை செருப்பை மாட்டிக்கொண்டே “அப்பா சொல்லு” என்பார். ஊரிலிருந்து வீடியோ காலில் வரும் ஆச்சி “ஆச்சி சொல்லு செல்லம்” என்பார். பெற்றவளுக்கோ பத்து மாதம் சுமந்த உரிமை. குழந்தை எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலில் போகும் நாயைக் காட்டி “பௌ பௌ” என்னும். நாயைப் பார்க்கும்போதெல்லாம் அப்படிச் சொன்னால் அதுதான் முதல் சொல். பல வீடுகளில் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

யாரும் தூண்டாமல் தானாக வர வேண்டும், ஒரே ஆளுக்கோ பொருளுக்கோ திரும்பத் திரும்ப வர வேண்டும், ஒலியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் அது சொல். பால் கிண்ணத்தைக் கண்டதும் தினமும் ‘பா’ என்றால் அதுவும் சொல்தான். எட்டு மாதத்தில் படுத்தபடியே ‘மம்மம்மம்’ என்று உருட்டுவது வாய்க்குப் பயிற்சி. அதைக் கேட்டு அம்மா மகிழ்ந்து ஓடி வருவதில் தவறே இல்லை. அப்படி ஓடி வந்து ஓடி வந்துதான் அந்த ஒலிக்கே பொருள் ஏறுகிறது.

பாட்டிகளுக்கு ஒரு சமாதானம். உதடுகளைச் சேர்த்துப் பிரித்தாலே ‘ம’வும் ‘ப’வும் வந்துவிடும். நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டால் ‘த’. அம்மா, அப்பா, மாமா, தாத்தா எல்லோருக்கும் வழி எளிது. ‘பாட்டி’யில் நாக்கை மேலே மடிக்க வேண்டும். அதனால்தான் தாத்தா முந்திக்கொள்கிறார், பாட்டி ‘பாத்தி’யாகக் கொஞ்சம் தாமதமாக வருகிறார். பாசத்தில் குறை ஒன்றுமில்லை. ‘பாத்தி’ என்றால் திருத்தவும் வேண்டாம், அதையே திருப்பிச் சொல்லவும் வேண்டாம். “ஆமா, பாட்டி வந்துட்டாங்க” என்று சரியான சொல்லைப் பதிலுக்குள் வைத்தால் போதும்.

இனி அந்தச் “சொல்லு”க்கு வருகிறேன். நான்கைந்து மாதத்திலேயே குழந்தைக்குத் தன் பெயர் அடையாளம் தெரியும். ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் சில உணவுகளின், உடல் உறுப்புகளின் பெயர்கள் புரியத் தொடங்குவதை 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வாய் திறக்குமுன்பே மாதக்கணக்கில் அது கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் போய் “சொல்லு, சொல்லு” என்பது பரீட்சை. குழந்தைக்கு வேண்டியது பதில். அது மேலே பார்த்து ‘ஆ’ என்றால் “ஃபேன்! ஃபேன் சுத்துது” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் அதன் முகத்தைப் பாருங்கள். இந்த ஐந்துதான் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கஷ்டம். இடைவெளி விடாமல் கொஞ்சினால் குழந்தையின் முறை வருவதே இல்லை.

ஒன்பதாம் மாதத்தைக் கைகொட்டும் சப்பாணிப் பருவமாக வைத்த பிள்ளைத்தமிழ்க் கணக்கு, இன்றைய மருத்துவர்களின் அட்டவணைக்கு அதிகத் தூரமில்லை. கைதட்டுவது, டாட்டா காட்டுவது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவது எல்லாம் பேச்சுக்கு முந்திய பேச்சு. விரல் நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள்.

இடுப்பில் வைத்துக் காக்காய் காட்டிச் சோறு ஊட்டிய வீடுகளில், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பேச்சு இருந்தது. இப்போது அந்த இடத்தில் போன் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பாட்டுதானே, அதிலும் சொற்கள் இருக்கின்றனவே என்பார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்களை விளையாட விட்டார் அமெரிக்க ஆய்வாளர் பட்ரீசியா கூல். நேரில் பேசிக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்களைத் திரையில் பார்த்தவை ஒன்றுமே கற்கவில்லை. 2003-இல் வெளியான முடிவு இது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வெளியூரில் இருக்கும் தாத்தாவுடன் வீடியோ கால் பேசுவது விதிவிலக்கு. அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினால் குழப்பம் வராது. இரண்டு மொழியிலும் உள்ள சொற்களைக் கூட்டியே கணக்கிடுங்கள். பள்ளிக்கு உதவும் என்று தடுமாறும் ஆங்கிலத்தில் கொஞ்சுவதைவிட, உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் வாயடியுங்கள்.

பேச்சு தெளியும் என்று சுட்ட வசம்பைத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரியால் தசைகளைத் தளர்த்தும் நச்சு நோய் வரலாம். வசம்பால் பேச்சு வருவதுமில்லை. நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருப்பதால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகள் மழுங்கலாம். ஆனால் சொல்லே வராமல் இருப்பதற்கு அது காரணமல்ல.

“அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்” என்ற ஆறுதலை மட்டும் ஏற்காதீர்கள். குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருந்தால், சீக்கிரம் காட்டுவதற்கு அது இன்னொரு காரணம். ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, விரல் நீட்டவில்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரு சொல் சேரவில்லை. வந்த சொல் எந்த வயதிலும் மறைந்துபோகிறது. இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது காது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் ஒலியெழுப்பும், சிரிக்கும். தட்டைத் தட்டினால் திரும்புகிறானே என்று வீட்டிலேயே முடிவுகட்டுவது போதாது. அதிர்வையோ அசைவையோ கண்டும் திரும்பலாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, குறை தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே நடைமுறை இலக்கு. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் தேவைப்பட்டால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. வயது ஏற ஏறப் பலன் குறையும்.

போகும்போது குழந்தை விளையாடுவதை எடுத்த ஒரு நிமிட வீடியோவும், அது சொல்லும் சொற்களின் பட்டியலும் கையில் இருக்கட்டும். புது இடத்தில் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பல குழந்தைகள் வாயைத் திறப்பதில்லை. பட்டியலில் ‘பௌ பௌ’வையும் எழுதுங்கள்.