பரணில் கிடக்கும் படங்கள்

கேள்வி: பல வருடங்களாக வாட்டர்கலரும் ஆயில் பேஸ்டலும் போட்டுப் பழகுகிறேன். பிடிக்காமல் போன படங்கள் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் போட மனமில்லை. ஆர்ட் ஜர்னலில் வெட்டி ஒட்டலாம் என்கிறாள் மகள். எனக்குக் கத்தரி எடுக்கவே கை வரவில்லை. அவள் ஜர்னலிலோ பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சேலையூர்

பதில்: செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தைரியமாக வெட்டுங்கள்.

அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னர் 1950-களின் தொடக்கத்தில், தனக்கே பிடிக்காத கறுப்பு வெள்ளைப் படங்களைக் கிழித்துத் தரையில் எறிந்துவிட்டார். சில வாரம் கழித்து அறைக்குள் வந்தால், கிழிசல்கள் அவரைக் கவர்ந்தன. 1951 கண்காட்சியில் வைத்த தன் பழைய கான்வாஸ்கள் மேலேயே துண்டுகளை ஒட்ட ஆரம்பித்தார். 1955-ல் அந்தக் கொலாஜ்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தன. கணவர் ஜாக்சன் பொல்லாக் கழித்துப் போட்ட படங்களும் அதில் உண்டு. (மகளின் படமென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்!)

முகம் கோணலாகிப்போன படத்திலும் சேலை மடிப்பு அழகாக விழுந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க, ‘ட’ வடிவத்தில் இரண்டு அட்டை வெட்டி எதிரெதிராகச் சேருங்கள். சின்ன ஜன்னல் கிடைக்கும். படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். கண் எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு வெட்டுங்கள். மிச்சம் பின்னணிக்கு ஆகும்.

படம் முழுக்க ஜெஸ்ஸோ பூசி வெள்ளையாக்குவது எனக்கு உவப்பில்லை. அதற்குப் புதுத்தாளே வாங்கிவிடலாம். அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும்படி பூசினால் போதும். ஆயில் பேஸ்டல் மேல் மட்டும் அதுவும் வேண்டாம். பிடிக்காது, உரிந்து வரும். அந்தப் படங்களை வெட்டி ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

ஜர்னல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினால், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈஞ்சம்பாக்கம் போய் வாருங்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கேதான். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம் போன்ற கோடுகளும், எழுத்துப் போலிருந்தும் வாசிக்க முடியாத வரிகளும் நிறைந்திருக்கும். எழுத்தை அர்த்தத்துக்காக அல்லாமல் கோலம்போல நிரப்பலாம் என்று புரியும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவுங்கள். தண்ணீர் கூடினால் தாள் சுருங்கும். மைதா பசை பூச்சியை வரவழைக்கும். கடை பில் ஒட்டுவதானால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். அசல் பில்லில் எழுத்து மங்கிவிடும்.

மகளின் ஜர்னலில் பக்கங்கள் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் அக்ரிலிக்தான் காரணம். காய்ந்த பிறகும் நம்மூர்ச் சூட்டில் அது இளகும். புழுக்கம் சேர்ந்தால் இன்னும் மோசம். பக்கங்களுக்கிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். நோட்டை ஷெல்ஃபில் நிற்க வையுங்கள். மேலே கனமாக எதையும் அடுக்க வேண்டாம்.