வழிகாட்டிச் செயலிகளும் சாலை நெரிசலும்: அந்தமான் தரும் படிப்பினை

சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள் வழியாகவே பெரும்பாலும் வெளியுலகத் தொடர்பைப் பெற்றிருந்த தீவுகளுக்கு இதனால் விரைவான இணைய வசதி கிட்டிற்று. அதன் பயன்களுள் ஒன்று செல்பேசியில் வழிகாட்டும் நிலப்படச் செயலி. இச்செயலி சாலை நெரிசலைக் குறைக்குமா, கூட்டுமா என்பது போக்குவரத்துத் திட்டமிடுவோர் ஆராய வேண்டிய வினாவாகும்.

செயலி இயங்கும் முறை

சாலையில் செல்லும் செல்பேசிகளின் இருப்பிடத்தையும் வேகத்தையும் செயலி தொடர்ந்து திரட்டுகிறது. அவற்றைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பயண நேரத்தை மதிப்பிடுகிறது. எனவே அது காண்பது செல்பேசிகளையே அன்றி, வண்டிகளை அன்று. 2020ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஒரு கலைஞர் 99 செல்பேசிகளை ஒரு கைவண்டியில் வைத்து இழுத்துச் சென்றபோது, வெறிச்சோடிக் கிடந்த தெருவும் நிலப்படத்தில் நெரிசலுற்றதாகக் காட்சியளித்தது. அதுபோலவே, வண்டிகள் மிகக் குறைவாகச் செல்லும் சாலையில் மதிப்பீட்டிற்குப் போதிய சான்று கிடைப்பதில்லை.

மாற்று வழி உள்ள இடங்களில்

பல சாலைகள் உள்ள நகரத்தில் செயலி வண்டிகளைப் பிரித்தனுப்பி நெருக்கடியைத் தணிக்கக்கூடும். ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியைத் தெரிவு செய்வதால், அனைவரின் மொத்தப் பயண நேரமும் குறைந்துவிடாது என்பதை ஆங்கிலேய அறிஞர் வார்ட்ராப் 1952இல் விளக்கினார். புதிய சாலை ஒன்றைச் சேர்ப்பதேகூடச் சில வேளைகளில் அனைவரின் பயணத்தையும் தாமதப்படுத்தும் என்று ஜெர்மானியக் கணித அறிஞர் பிரேஸ் 1968இல் நிறுவினார். ஒரே குறுக்குவழியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் காட்டினால், குடியிருப்புத் தெருக்கள் நெடுஞ்சாலைகளாகிவிடும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள லியோனியா என்னும் சிற்றூர், இத்தகைய வண்டிகளைத் தடுக்க 2018ஆம் ஆண்டு நெருக்கடி வேளைகளில் தன் உள்தெருக்கள் பலவற்றை வெளியூர் வண்டிகளுக்கு மூடியது. நம் நாட்டில் சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட எட்டு நகரங்களில் குறுகிய சாலைகளை இயன்றவரை தவிர்க்கும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2024இல் அறிவித்தது.

ஒரே சாலை உள்ள இடத்தில்

அந்தமானின் நிலை வேறு. 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கப்படும் போர்ட் பிளேரிலிருந்து பாராடாங், ரங்கத், மாயாபந்தர் வழியாகத் திக்லிப்பூர் வரை செல்லும் அந்தமான் பெருவழியே வடபகுதிக்குரிய தரைவழி. பிரித்தனுப்புவதற்கு வேறு சாலை இல்லாதபோது, செயலி தாமதத்தை அறிவிக்கலாமே தவிர அகற்ற முடியாது. சாத்தாமிலிருந்து பாம்பூப் பிளாட் செல்வோர் அறிய வேண்டுவது அடுத்த படகு எப்போது புறப்படும் என்பதையே. அதனைத் தவறவிட்டவர் நீண்ட சாலைவழியே சுற்றிவர நேரிடும்.

இதனினும் முக்கியமானது ஜராவா பழங்குடியினரின் காப்புப் பகுதி. ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கிலோமீட்டர் தூரம் சாலை இப்பகுதியையொட்டியும் ஊடுருவியும் செல்கிறது. இங்கு வண்டிகள் குறித்த நேரங்களில் காவலுடன் அணியணியாகவே செல்ல அனுமதிக்கப்படுகின்றன. வழியில் நிறுத்துவதும், பழங்குடியினரைப் படமெடுப்பதும், அவர்களுக்கு உணவளிப்பதும் தடை செய்யப்பட்டவை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை இத்தீவுகளில் நடைமுறையில் உள்ளது. இப்பகுதியில் சாலையை மூடுமாறு 2002ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் கட்டுப்பாடுகளுடன் போக்குவரத்து தொடர்ந்தது.

இத்தகைய சாலையில் விரைவு ஒன்றே குறிக்கோளாக இருத்தல் இயலாது. அணி புறப்படும் நேரத்தை அறியாத செயலி, ஓட்டும் நேரத்தை மட்டும் கூறினால், பயணியர் நேரம் தவறி வாயிலில் காத்திருப்பர். ஒரே நேரத்தைக் குறிவைத்து அனைவரும் வந்து சேர்ந்தாலோ, சாலையில் இல்லாத நெரிசல் வாயிலில் தோன்றும். ஆகவே இங்குப் பங்கிட வேண்டியது வழியையன்று, நேரத்தையே.

செய்யத்தக்கன

முதலாவதாக, அணி புறப்படும் நேரம், வாகனப் படகின் அட்டவணை, வானிலையால் ஏற்படும் மாற்றம் ஆகியவற்றை நிர்வாகம் செயலிகள் படித்தறியும் வடிவில் வெளியிடல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் அணிக்கும் படகிற்கும் இடத்தை முன்பதிவு செய்யும் முறை, காத்திருப்பைப் பெரிதும் குறைக்கும். மூன்றாவதாக, காப்புப் பகுதியின் எல்லையும் விதிகளும் நிலப்படத்திலேயே இடம்பெற வேண்டும். செல்பேசித் தொடர்பு கிட்டாத இடங்கள் இருப்பதால், வாயில்களிலும் படகுத்துறைகளிலும் அறிவிப்புப் பலகைகளும் தேவை.

வழிகாட்டிச் செயலி ஒரு கருவியே. எதனைக் குறைக்க வேண்டும், எதனைக் காக்க வேண்டும் என்பதை அது தானாக அறியாது. நகரத் தெருவில் வசிப்போரின் அமைதியும், அந்தமான் காட்டில் வாழ்வோரின் தனிமையும் எந்தப் பயண நேரக் கணக்கிலும் வாரா. அவற்றைக் கணக்கில் சேர்க்கும் பொறுப்பு திட்டமிடுவோரையே சாரும்.