ஆகஸ்டில் பூக்காத சூரியகாந்தி

சூரியகாந்தி விதைப் பக்கட்டின் பின்பக்கம் பெரும்பாலும் ஒரே கணக்குத்தான் இருக்கும்: ஏப்ரல், மே மாதத்தில் விதையுங்கள், ஆகஸ்ட் கோடையில் பூக்கும். இங்கிலாந்துக்காரருக்கு அது சரி. ஹட்டனிலோ தலவாக்கலையிலோ அதை அப்படியே நம்பினால், செடி மொட்டு வைக்கிற நேரம் பார்த்துத் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை அடைத்துக்கொண்டு நிற்கும். தலைகுனிந்த பூவின் முதுகில் தண்ணீர் தேங்கி, சாம்பல் பூஞ்சணம் பிடித்து, முழுத் தலையும் அழுகித் தொங்கும். பிறகு "நம்ம மலைக்குச் சூரியகாந்தி வராது" என்று ஒரு தீர்ப்பு.

வரும். மாதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் பள்ளி விடுமுறையைக் கோடை விடுமுறை என்று சொல்லப் பழகிவிட்டோம். மலையின் மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை மழைக்காலம். வட்டவளையில் ஓர் ஆண்டில் பெய்வது 5,000 மில்லிமீற்றருக்கும் மேல். அதில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். மழையை இந்தப் பக்கமே இறக்கிவிட்ட காற்று, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் காய்ந்துபோய் இறங்குகிறது. நாம் ஈரத் துணியை அடுப்படியில் காயவைக்கிற அதே ஞாயிற்றுக்கிழமையில் வெலிமடையில் மரக்கறிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊவாத் தேயிலைக்குத் தரமான பருவம் ஜூலை முதல் செப்டெம்பர். டிம்புள்ள, டிக்கோயாப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச். தொழிற்சாலையில் எதைக் ‘குவாலிட்டி சீசன்’ என்கிறார்களோ, அதுதான் அந்த மலையின் காய்ந்த காலம். சூரியகாந்திக்கும் அந்தக் காலண்டரே போதும்.

ஆக, ஹட்டன் பக்கம் டிசம்பர் கடைசியில் விதைக்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் பள்ளமான இடங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகுவதுண்டு. அங்கே ஜனவரி முடியும்வரை பொறுப்பது நல்லது. சமவெளியில் இரண்டு, இரண்டரை மாதத்தில் பூக்கிற செடி இந்தக் குளிரில் மூன்று மாதத்தைத் தாண்டலாம். அப்படியானாலும் ஏப்ரல் சுற்றுலாச் சீசனை ஒட்டியோ சற்றுப் பிந்தியோ, பெருமழைக்கு முன்னால் பூ வந்துவிடும்.

"தேயிலை இப்படிச் செழிக்கிற மண்ணில் எதுவும் வரும்" என்பது அடுத்த நம்பிக்கை. தேயிலை புளிப்பு மண்ணை விரும்புகிற செடி. அதற்கு ஏற்ற அமிலகாரக் குறி (pH) 4.5 முதல் 5.5 வரை. சூரியகாந்திக்கு வேண்டியது 6 முதல் 7.5. தேயிலையின் தூரிலிருந்து ஒரு கூடை மண் அள்ளிவந்து விதை போட்டால் இலை வெளிறிக் குட்டையாகவே நின்றுவிடும். கவ்வாத்து முடிந்த மலைக்கு டொலமைட் வீசுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கான மருந்தும் தெரியும். சதுர மீற்றருக்கு ஓரிரு கைப்பிடி டொலமைட்டைத் தூவி மண்ணோடு கொத்திவிட வேண்டும். அது மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் முன்கூட்டியே போட வேண்டும். ஆகஸ்ட் ஞாயிறுகளின் உண்மையான பொழுதுபோக்கு இதுதான் என்பேன். மைதானம் சேறாகிப் பிள்ளைகள் பந்தடிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, மழை விட்ட ஒரு மணி நேரத்தில் வாசல் பாத்தியைக் கொத்தி வைக்கலாம். காணி உரித்தில்லாத லயத்து வாசலில் மரம் வைக்கத் தயங்குகிறவர்கள்கூட மூன்று மாதப் பூவுக்குத் தயங்க வேண்டியதில்லை.

பாத்திக்கு உரம்? அது ரோட்டோரத்திலேயே நிற்கிறது. பலரும் தடுமாறுகிற இடம் இதுதான். வளைவுகளிலும் ஆற்றோரத்திலும் புதர் புதராக மஞ்சள் பூக்கிற காட்டுச் சூரியகாந்தியை, கவனிப்பாரற்றுக் காடேறிய வீட்டுச் சூரியகாந்தி என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், அவ்வளவுதான். ரோட்டோரத்துச் செடி மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து அலங்காரத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது. தாவரவியலில் அதன் பெயர் தித்தோனியா. இலையைப் பறித்துப் பாருங்கள்: விரல் விரித்தாற்போல மூன்று, ஐந்து பிளவாக இருக்கும், கசக்கும். வீட்டுச் சூரியகாந்தியின் இலை சொரசொரப்பான இதய வடிவம். இது விதை முற்றியதும் செத்துப்போகும். அதுவோ வெட்ட வெட்டத் தழைக்கும், குச்சியை நட்டாலே பிடித்துக்கொள்ளும்.

அது வெறும் களை என்பதும் பாதி உண்மைதான். அதன் காய்ந்த இலையில் நைதரசன் ஏறக்குறைய 3.5 சதவீதம்; பொட்டாசியமும் தாராளம். மெல்லிய இலையாதலால் மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும். 2021 மே மாதத்தில் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்ட அந்த அரையாண்டில், பசுந்தாட் பசளையின் அருமை பலருக்கும் மறுபடி நினைவுக்கு வந்தது. இளந்தண்டோடு வெட்டி, நறுக்கிப் பாத்தியில் புதைத்தால் போதும். ஆனால் புதைத்த கையோடு விதை போடக் கூடாது: பச்சை இலையின் சாறு முளைப்பைத் தடுக்கும். இலை மக்கி முடியட்டும்.

கடையில் வாங்கிய விதை முளைக்குமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: கிளிக்குப் போடுகிற, தோலோடு உள்ள விதை பெரும்பாலும் முளைக்கும். தோலுரித்து வறுத்தது முளைக்காது. நாற்று மேடை வேண்டாம். ஆணிவேர் இடம்பெயர்ப்பதை விரும்பாது. நிற்கவேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றிவிடுங்கள்.

மிகப் பழைய நம்பிக்கை கடைசியில்: "சூரியகாந்திப் பூ நாள் முழுவதும் சூரியனோடு திரும்பும்." திரும்புவது மொட்டும் இளந்தலையும்தான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக நீள்வதால் தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் நீண்டு அதைக் கிழக்கே கொண்டுவந்து விடுகிறது. சூரியன் எழும் முன்பே செடி கிழக்கைப் பார்த்துத் தயாராக நிற்கும். டேவிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை விளக்கினார்கள். அசையவிடாமல் கட்டிவைத்த செடிகள் வளர்ச்சியில் பின்தங்கின. எனவே காற்றுக்குப் பயந்து முட்டுக்கொடுப்பவர்கள் கயிற்றைத் தளர்வாகக் கட்டுங்கள்.

தண்டு வளர்ந்து முடிந்ததும் திரும்புவதும் நிற்கிறது. விரிந்த பூ கிழக்கு நோக்கியே நிலைத்துவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறுவதால், மேற்கே திருப்பிவைத்த பூவைவிட ஐந்து மடங்கு தேனீக்கள் அதற்கு வந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. குளிர் மலையில் காலைச் சூட்டின் அருமையைத் தேனீக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன.

இதனால் நடும் இடத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் லயத்தின் வாசல் மேற்குப் பார்த்ததென்றால், முன்னால் நட்ட பூவெல்லாம் வாசலைத் திரும்பிப் பார்க்கும். கிழக்குப் பார்த்த வாசலென்றால் உங்களுக்குத் தெரிவது பூவின் முதுகுதான். முகத்தை ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.